எதிர்த்திசையில் அறுநூறு மீட்டர்

அனுப்புநர்:
கி. அப்பாதுரை (வயது 58),
த/பெ கிருஷ்ணன்,
மனு எழுதுபவர்,
7, பூவரசு தெரு, கிரிவலப் பாதை,
திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பொருள்: எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காகக் கொடுக்கப்பட்ட மருந்தால் இதயம் பலவீனமடைந்த என் மகள் அ. தேவிப்ரியா (வயது 28) – பௌர்ணமி நாட்களில் மருத்துவ முகாமுக்குச் செல்ல வழி – கிரிவலப் பாதையில் நோயாளிகள் எதிர்த்திசையில் செல்ல எழுத்துப்பூர்வ அனுமதியும் அறிவிப்புப் பலகையும் – கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. வாகன அனுமதிச் சீட்டு கோரி நான் கொடுத்த மனு, நாள் 10.03.2025.
2. அம்மனுவுக்கு வந்த பதில், நாள் 22.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்கள் அலுவலக வாசலுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைப்பவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, வரப்புத் தகராறு என்று திங்கட்கிழமை தோறும் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பத்துக்கு ஒன்றாவது என் வீட்டில் தட்டச்சு செய்யப்பட்டதாக இருக்கும். என்னிடம் வருபவர்களுக்கு நான் இரண்டு விஷயங்களைச் சொல்வது வழக்கம். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நம் பக்கத்துத் தவறை நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது. இந்த மனு இரண்டையும் மீறுகிறது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு சிற்றூர், விவசாயக் குடும்பம். முப்பது ஆண்டுகளுக்கு முன் மனைவி சந்திரகலாவுடன் இங்கு வந்து, கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் பூவரசு தெருவில் குடியேறினேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தேவிப்ரியா, எம்.காம். படித்தவள். இளையவன் அருள்ராஜ், கீழ்பென்னாத்தூரில் பள்ளி வேன் ஓட்டுகிறான். நான் கையால் எழுதிக் கொண்டுவரும் மனுக்களை வீட்டில் கணினியில் தட்டச்சு செய்து தருவது தேவிப்ரியாதான். என் எழுத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவதும் அவள்தான். திருத்திவிட்டு, "இருவது வருசமா எழுதறீங்க, இன்னும் இது வரலையாப்பா" என்று கேட்பதும் உண்டு.

3. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அவளுக்கு விடாத காய்ச்சல் வந்தது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். நோய் அடங்கியது. ஆனால் திரும்பி வரும், வராமலிருக்க வேண்டுமானால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். தம்பியின் மஜ்ஜை அக்காவுக்கு முழுமையாகப் பொருந்தியது. 14.06.2022 அன்று மாற்று சிகிச்சை நடந்தது.

4. மாற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையை முழுவதுமாக அழிக்க வேண்டும். அதற்காக நான்கு நாட்கள் மிகுந்த அளவில் மருந்து ஏற்றப்பட்டது. நாங்கள் விவசாயக் குடும்பம் என்று தெரிந்துகொண்ட மருத்துவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்: "நெலத்தை சுத்தமா உழுதாத்தாங்க நாத்து நட முடியும். உழும்போது வரப்பும் கொஞ்சம் சரியலாம்." அந்த வரப்பு என்று அவர் சொன்னது இதயத்தை. ஏற்கெனவே ஏற்றிய சிவப்பு மருந்தும் இதயத்துக்கு ஆகாதது, இப்போது ஏற்றப்போவதும் அப்படியே, இரண்டும் சேரும்போது சிலருக்கு இதயத் தசை பலவீனமடையும், அது உடனேயும் தெரியலாம், சில வருடம் கழித்தும் தெரியலாம் என்றார். ஒப்புதல் படிவத்தில் ஆறாவது நிபந்தனையாக அதுவே இருந்தது. அடுத்தவர் பத்திரத்தையே வரிக்கு வரி படிப்பவன் நான். அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆகவே மருத்துவர்கள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர்கள் கொடுக்காமல் விட்டிருந்தால் இந்த மனுவைத் தட்டச்சு செய்ய என் மகள் இருந்திருக்க மாட்டாள்.

5. புற்றுநோய் போய்விட்டது. தலைமுடி வளர்ந்தது. எலும்பும் தோலுமாக வீடு திரும்பியவள் 2023 தீபாவளி சமயத்தில் முகம் உப்பி, கால் பருத்து, பார்க்க நன்றாக இருந்தாள். "பொண்ணு சதை போட்டுடுச்சு" என்று என் மனைவி தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். கண் பட்டுவிடும் என்று வாரம் இரண்டு முறை சுற்றிப் போட்டாள். காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, அது மேலே வரச் சற்று நேரம் ஆகும். அதை என் மகளே தம்பியிடம் வேடிக்கையாகக் காட்டியிருக்கிறாள். நாங்களும் பார்த்துச் சிரித்தோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை உடல் கனத்ததால் என்று எண்ணிக்கொண்டோம். 2024 ஜனவரியில் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். அவர் சிரிக்கவில்லை. எக்கோ எடுத்துப் பார்த்ததில், அறுபது சதவீதம் இருக்க வேண்டிய இதயத்தின் இயக்கம் முப்பத்தைந்து என்று வந்தது. அது சதை அல்ல, நீர்.

6. அன்று முதல் அவளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறோம். சாப்பாட்டில் உப்பு பாதி. ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறாள். நேரம் தவறாமல் ஐந்து வகை மாத்திரைகள். இவற்றால் முப்பத்தைந்து நாற்பத்திரண்டாக உயர்ந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் என் மனைவி கேசரி கிளறினாள். அடுப்பு வேலையோ கடைக்குப் போவதோ இல்லாமல், உட்கார்ந்தபடி தட்டச்சு மட்டும் செய்துவந்தாள் தேவிப்ரியா.

7. இதில் பெரிய சிரமம் என்னவென்றால், பார்க்க அவள் நன்றாக இருக்கிறாள். இதயம் வெளியே தெரிவதில்லை. பேருந்தில் எழுந்து இடம் தர மாட்டார்கள். அவள் கேட்கவும் மாட்டாள். பௌர்ணமி நாட்களில் எங்கள் பாதையில் மதியத்துக்கு மேல் வாகனங்கள் நிறுத்தப்படுவதால், அவசரத்துக்கு ஒரு ஆட்டோவாவது தெரு வரை வர அனுமதி கேட்டு பார்வை 1-ல் கண்ட மனுவைக் கொடுத்தேன். அது எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்பதை இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்த மனுவும் அதே அலுவலகத்துக்கே அனுப்பப்படும் என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். பதில் இரண்டு வரிகளில் வந்தது: மனுதாரரின் மகள் புற்றுநோயிலிருந்து குணமடைந்தவர் என மருத்துவச் சான்றில் கண்டுள்ளதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நேரில் சென்று கேட்டபோது அங்கிருந்தவர், "நல்லாயிடுச்சுன்னு டாக்டரே எழுதியிருக்காரே, அப்புறம் என்ன சார்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மனுவோடு கொடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுப் படிவத்தில் 'நோயின் பெயர்' என்று ஒரே ஒரு வரிதான் உண்டு. நான் அதில் பெரிய நோயை எழுதி, அதன் சான்றை மேலே வைத்து, இதயச் சான்றை ஒன்பதாம் பக்கமாகச் சேர்த்திருந்தேன். ஒன்பதாம் பக்கம் வரை யாரும் புரட்ட மாட்டார்கள் என்று ஊருக்கே சொல்பவன், சொந்த மனுவில் கோட்டை விட்டேன். நோய் போன பிறகு மருந்தால் வந்தது மிச்சமிருக்கும் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை என்பதும் உண்மை.

8. 08.08.2025, ஆடிப் பௌர்ணமி. வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டதால் மூன்று மணிக்கே பாதை நிறைந்துவிட்டது. அன்று மதியம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தேவிப்ரியா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள், மோர்மிளகாயும் தொட்டுக்கொண்டாள். உப்பு என்று எங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக ஆடிக்கூழ் குடிக்காதவள் ஆசையாகக் குடிக்கும்போது பிடுங்க மனம் வரவில்லை. நாலு ஐம்பதுக்கு, வேங்கிக்காலைச் சேர்ந்த ஒரு அம்மாளின் உதவித்தொகை மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "அப்பா, மூச்சு எட்டலைப்பா" என்றாள். படுக்க வைத்தால் இன்னும் திணறினாள். உட்கார்ந்தபடியே இழுத்து இழுத்து விட்டாள். இருமலில் நுரை வந்தது.

9. ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். கூட்டத்தில் எங்கள் தெருவரை வருவதற்கு நேரமாகும், பக்கத்தில் மருத்துவ முகாம் இருந்தால் அங்கே வந்துவிடுங்கள், முகாமிலேயே வண்டி நிற்கும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அவர்கள் மீதும் குறை இல்லை. எங்கள் தெருமுனையில் வேர்க்கடலை அவித்து விற்கும் மண்ணாங்கட்டி என்பவர் விஷயம் தெரிந்ததும் எரியும் அடுப்பைத் தள்ளுவண்டியிலிருந்து தூக்கித் தரையில் வைத்தார். கடலைக் கூடையை ஓரமாகக் கவிழ்த்தார். "ஏத்துங்க சார் பாப்பாவ, யாவாரம் கெடக்குது" என்றார். சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தோம். தராசு தொங்கும் இரும்புக் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் மனைவி பக்கத்தில் முதுகைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். நான் தள்ளினேன்.

10. இதற்கு மேல் உள்ளதைக் கையால் எழுதித் தருவதற்குப் பொறுத்தருள வேண்டும். பத்தி 9 வரை என் மகள் தட்டச்சு செய்துவிட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் கோரிக்கைக்குக் காரணம் இருக்காது. ஆனால் இதை அவளிடம் கொடுத்து அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருமுனையில் நின்று மலையைப் பார்த்தால், வலப்பக்கம் அறுநூறு மீட்டரில் ஒரு மருத்துவ முகாம். இடப்பக்கம், அதாவது மலையை வலப்பக்கம் வைத்துக் கிரிவலம் செல்பவர்கள் நடக்கும் திசையில், அடுத்த முகாம் இரண்டேகால் கிலோமீட்டர். வலப்பக்க முகாம் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் காலை பால் வாங்கப் போனபோது கொட்டகை போடுவதைப் பார்த்தவன். தடுப்புக் கம்பியில் 'எதிர்த்திசையில் செல்லக் கூடாது' என்று ஒரு பலகை கட்டியிருந்தது. யார் வைத்தது என்று அதில் எழுதவில்லை. சட்டை மேல் பட்டை அணிந்த ஒரு தன்னார்வலர், "ஒன்வே சார், முன்னாடி கேம்ப் இருக்குது, அப்படியே போயிடுங்க" என்றார். கூட்டத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், "மலையை இடப்பக்கம் வெச்சுப் போவாதீங்கய்யா, ஆகாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்கள். யாரும் என் வண்டியை மறிக்கவில்லை. நோயாளி என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸுக்கு அந்தக் கூட்டம் ஒதுங்குவதை மாதம்தோறும் பார்க்கிறேன்.

தேவிப்ரியா கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "அப்பா, பின்னாடி கேம்ப் கிட்டத்துலதானே இருக்குது."

நான் கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "தோ வந்துடும்மா" என்று சொல்லி வண்டியை இடப்பக்கம் திருப்பினேன்.

11. ஏன் திருப்பினேன் என்பதைத் தாங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நாங்கள் அன்று கிரிவலம் செல்லவில்லை. மருத்துவரிடம் சென்றோம். எங்களுக்கு எந்த வேண்டுதலும் நிலுவையில் இல்லை. ஆனால் முப்பது வருடமாக அந்தப் பாதையில் குடியிருப்பவன் நான். பௌர்ணமியன்று பின்னால் நூறு அடியில் இருக்கும் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட எதிரே நடந்ததில்லை. கூட்டம் குறையட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவேன். வேறு எவரும் நடந்தும் நான் பார்த்ததில்லை. கால் அப்படிப் பழகிவிட்டது. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், பயந்தேன். பெண் இந்த நிலையில் இருக்கும்போது மலையை இடப்பக்கம் வைத்து நடந்து, அதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். நான்கு நாள் மருந்தையும் ஆறாவது நிபந்தனையையும் படித்துக் கையெழுத்துப் போட்ட அதே ஆள்தான் அப்படி நினைத்தான்.

12. இரண்டேகால் கிலோமீட்டர் செல்ல ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. வழியெல்லாம் நல்லவர்கள். வண்டியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் பெண்ணைப் பாதி வழியில் களைத்துப்போன பக்தை என்று நினைத்தார்கள். அன்னதானப் பந்தல்களிலிருந்து மோர் கொண்டுவந்தார்கள், பானகம் கொண்டுவந்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே நீட்டினார். "வேணாங்க, அவளுக்குத் தண்ணி ஆகாதுங்க" என்று என் மனைவி ஒவ்வொரு கையாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். தண்ணீர் ஆகாத ஒரு பெண் இருப்பாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. தவிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் தரவிடாத தாய் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஒரு பெரியவர் தேவிப்ரியாவின் நெற்றியில் திருநீறு பூசி, "கொஞ்ச தூரந்தாம்மா, எறங்கி நட, வண்டியில போனா பலன் கம்மி" என்றார். அவளால் பதில் பேச முடியவில்லை. சிரிக்க முயன்றாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு வேகத்தடையில் சக்கரம் சிக்கியது. முன்பின் தெரியாத ஆறு பேர் வண்டியை அவளோடு சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அப்போது அவள் நகங்களைப் பார்த்தேன். நீலமாக இருந்தன.

13. முகாமில் இருந்த பெண் மருத்துவர் உடனே ஆக்ஸிஜன் வைத்து, நரம்பில் ஊசி போட்டார். நீர் பிரிந்து மூச்சு சீரான பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தெருப் பெயரைச் சொன்னேன். "அங்க உங்களுக்குப் பின்னாடியே ஒரு கேம்ப் இருக்குதே சார்?" என்றார்.

14. ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருந்தாள். நாற்பத்திரண்டாக இருந்தது இப்போது இருபத்தெட்டு. அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தால்தான் குறைந்ததா என்று இதய மருத்துவரிடம் கேட்டேன். மருந்தால் கெட்ட இதயம், தானாகவும் குறையும், ஆகவே அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்வார்கள். அதற்குள் இன்னொரு முறை இப்படித் திணறல் வந்தால் அரை மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

15. மருத்துவமனையிலிருந்து வந்த பின் 18.08.2025 திங்கட்கிழமை காலை, முகாம் இருந்த இடம் வரை நடந்து பார்த்தேன். அருள்ராஜ் கைப்பேசியில் தூரம் அளந்தபடி கூட வந்தான். அறுநூற்றுப் பத்து மீட்டர். எட்டு நிமிடம். பள்ளிப் பிள்ளைகள், பால்வண்டி, நகரப் பேருந்து எல்லாம் இரு திசையிலும் போய்க்கொண்டிருந்தன. மலை எனக்கு இடப்பக்கம்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அங்கே நின்று அழுதேன் என்பதையும் பதிவு செய்கிறேன். மனுவில் அழக் கூடாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆகவே இது விதிமீறல் ஆகாது.

16. மேற்கண்ட நிலையில் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கோருகிறேன்.

(அ) கிரிவலப் பாதையில், ஒவ்வொரு தெருமுனையிலும், ஒவ்வொரு முகாமிலும் தங்கள் பெயரும் முத்திரையும் கொண்ட ஒரு பலகை வைக்க வேண்டும். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்: 'நோயாளியை அழைத்துச் செல்பவர்கள் எந்தத் திசையிலும் செல்லலாம். அருகிலுள்ள முகாம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் செல்லவும். திரும்பி நடப்பதில் தவறில்லை.' கடைசி வரியை எக்காரணம் கொண்டும் சுருக்க வேண்டாம்.

(ஆ) அந்தப் பாதையிலும் கிளைத் தெருக்களிலும் குடியிருக்கும் இதய நோயாளிகளின் பட்டியலைத் தயாரித்து, பௌர்ணமி நாட்களில் அருகிலுள்ள முகாமுக்குக் கொடுத்து வைக்க வேண்டும்.

(இ) அனுமதிச் சீட்டுக்கான படிவத்தில் 'நோயின் பெயர்' என்பதற்குக் கீழே 'சிகிச்சையால் ஏற்பட்ட பாதிப்பு' என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். ஒரு வரி போதும்.

17. கோரிக்கை (அ) தேவையற்றது, நோயாளியை யாரும் தடுக்கப்போவதில்லை என்று தங்களுக்குக் குறிப்பு வைக்கப்படலாம். அது சரிதான். என்னையும் யாரும் தடுக்கவில்லை. தடுத்தது நான். ஐயா, எங்களைப் போன்றவர்களுக்கு எதுவும் எழுத்தில் இருந்தால்தான் நிற்கும். கூடாது என்று ஒரு பலகை எழுத்தில் சொன்னது, கூடும் என்று எதுவும் சொல்லவில்லை. அரசு எழுதிய பலகை ஒன்று அங்கே இருந்திருந்தால் அதைக் கூட்டத்துக்குக் காட்டியிருக்க மாட்டேன், எனக்கு நானே காட்டிக்கொண்டிருப்பேன். அடுத்து அந்த முனையில் நிற்கப்போகும் தகப்பனுக்கு அது வேண்டும்.

18. அடுத்த பௌர்ணமி 07.09.2025, ஞாயிற்றுக்கிழமை. இன்றிலிருந்து பதின்மூன்று நாட்கள் உள்ளன. முழுவதும் அதற்குள் முடியாது என்றால் பூவரசு தெரு முனையில் மட்டுமாவது ஒரு பலகை வைக்க வேண்டும். மற்றவற்றை டிசம்பர் 3 கார்த்திகை தீபத்துக்குள் முடித்துத் தர வேண்டுகிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை. ஜன்னலிலிருந்து கூப்பிட்டாலே எனக்குக் கேட்கும்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 25.08.2025

இப்படிக்கு,
தங்கள் வாசலிலேயே காத்திருக்கும்,
கி. அப்பாதுரை

இணைப்பு:
1. எக்கோ அறிக்கை, நாள் 12.08.2025 (இம்முறை மேலேயே வைக்கப்பட்டுள்ளது)
2. எக்கோ அறிக்கைகள், 2024 ஜனவரி மற்றும் 2025 பிப்ரவரி
3. அரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தேவை என்ற மருத்துவச் சான்று
4. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைச் சுருக்கம்
5. பார்வை 1, 2-ன் நகல்கள்
6. தெருமுனையிலிருந்து இரு முகாம்களுக்கும் உள்ள தூரம் காட்டும் கைவரைபடம் (அருள்ராஜ் வரைந்தது)

தட்டச்சு செய்தவரின் குறிப்பு:

பத்தி 10 முதல் கையெழுத்தில் இருந்த பக்கங்கள் மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடைத்தன. கையால் எழுதிய மனுவை அலுவலகத்தில் கடைசியாகத்தான் எடுப்பார்கள் என்று அப்பாவே சொல்வார் என்பதால், அவற்றையும் நானே தட்டச்சு செய்துவிட்டேன். ஒற்றுப்பிழைகளைத் தவிர வேறெதையும் திருத்தவில்லை.

பத்தி 10-ல் ஒரு விவரம் விடுபட்டுள்ளது. பின்னால் முகாம் இருக்கிறது என்று நான் சொன்னது உண்மை. ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்ல எனக்கு மூச்சு இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. வண்டி இடப்பக்கம் திரும்பியபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆகவே கோரிக்கை (அ) என்னுடையதும் ஆகும்.

அ. தேவிப்ரியா